உப்பு, பீடி, நோன்புப் பொரியல்: இதயத்துக்காக என்னத்தை மாத்தினீங்கள்? திருகோணமலை ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலை அக்கா
இவருக்குப் பிரஷர் 160ஐத் தாண்டி, கிளினிக்கில குளிசை தொடங்கியாச்சு. டொக்டருக்குக் கதைக்க நேரமில்லை, வெளியில அவ்வளவு சனம். பிரஷர் பாத்த நேர்ஸ் பிள்ளைதான் என்னைக் கூப்பிட்டு, "அன்ரி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு. மட்டமா ஒரு தேக்கரண்டி. கறி, சம்பல், கருவாடு எல்லாம் சேத்துத்தான்" எண்டு சொன்னா.

அடுத்த நாள் விடிய எங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டு தேக்கரண்டி அளந்து ஒரு சின்னச் சிரட்டையில போட்டு அடுப்படியில வைச்சன். அதுக்குள்ள இருந்துதான் எடுக்கிறதெண்டு முடிவு. புட்டு மாவுக்கு ஒரு கிள்ளு, சம்பலுக்குக் கொஞ்சம், பருப்பு, சொதி, மீன் குழம்பு... மத்தியானச் சமையல் முடிய முதல் சிரட்டை வெறுமை. இரவுச் சாப்பாடு இன்னும் கிடக்கு!

இப்ப புட்டுக்கும் இடியப்பத்துக்கும் உப்பே இல்லை, சம்பலில கிடக்குத்தானே. தேசிக்காயும் மிளகும் கூட்டினன். சூப் கியூப் போடுறதை விட்டாச்சு, அது முழுக்க உப்பு. கருவாட்டைச் சுடுதண்ணியில ஊறப்போட்டு, தண்ணியை ரெண்டு தரம் மாத்தி, கத்தரிக்காயோட வேற உப்புப் போடாமல் சமைக்கிறன். உப்பு முழுக்கப் போகாது, அதால எப்பவாவது ஒருநாள்தான். முதல் கொஞ்ச நாள் "ஆஸ்பத்திரிச் சோறு" எண்டு முகத்தைச் சுழிச்ச மனுசன், போன கிழமை கலியாண வீட்டில சாப்பிட்டிட்டு "கறியெல்லாம் ஒரே உப்பு" எண்டு குறை சொல்றார்.

சல்லிக் கடலோடி
கடலுக்குப் போறவனுக்கு என்ன எக்சசைஸ் எண்டு நானும் கேக்கிறனான்தான் அக்கா. ஆனா எங்கட அப்பு துடுப்பு வலிச்சவர், எனக்கு எஞ்சின். வலை இழுக்கிற நேரம் போக மிச்சம் இருக்கிறதுதான், இருந்தால் கை பீடிக்குப் போகும்.

நிப்பாட்ட வைச்சது என்ர சம்மாட்டி. அறிவுரை ஒண்டும் சொல்லேல்ல மனுசன். "தம்பி, என்ர போட்டில பீடி பத்தினால் அண்டைய பங்கு இல்லை" எண்டிட்டார். முதல் கிழமை பட்டபாடு சொல்லேலாது, ஆரைக் கண்டாலும் கோவம். பிறகு எம்.ஓ.எச். ஒபிசில (சுகாதார வைத்திய அதிகாரியின்ர ஒபிஸ்) சொன்னவை, புகையை விட்டு ஒரு வருசத்தில இதய நோய் வாற ஆபத்து, புகைக்கிற ஆளோட பாக்கப் பாதியாக் குறையுமாம். வருசம் தாண்டியாச்சு எனக்கு.

இன்னொண்டு. சூரை, கீரி, சாளை இதயத்துக்கு நல்ல மீன்தான். அதுக்காக நாள் முழுக்கக் கொதிச்ச எண்ணெயில பொரிச்சுப்போட்டு நல்ல மீன் தின்னிறன் எண்டு சொல்லக்கூடாது.

கிண்ணியா நானா
வாப்பாவுக்கு ஸ்டென்ட் (இதயக் குழாய் அடைபடாம வைக்கிற சின்னக் கம்பி வலைக் குழாய்) வைச்ச பிறகு வந்த முதல் நோன்பு. நோன்பு பிடிக்கலாமா எண்டு நாங்க முடிவெடுக்காம, ஒரு மாசம் முந்தியே கிளினிக் கொப்பியோட டொக்டர்ட்ட போய்க் கேட்டோம். அவர் குளிசை நேரத்த நோன்பு திறக்கிறதுக்கும் சஹருக்கும் (விடிய முந்திச் சாப்பிடுற நேரம்) மாத்தித் தந்தார். எல்லாருக்கும் இது சரிவராது. மத்த ஆளுட கொப்பியப் பாத்து மாத்திராதீங்க.

குளிசைய விடப் பெரிய பிரச்சின சமோசாவும் ரோல்ஸும். பக்கத்து வீடு, மச்சி வீடு, ராத்தா வீடு எண்டு தட்டுத்தட்டா வரும், வேணாம் எண்டு சொல்லவும் ஏலாது. உம்மாதான் வழி கண்டாங்க: வாப்பாவுக்கு ஈச்சம்பழம், தண்ணி, கஞ்சி, அதோட எழும்பி மஃரிபுக்குப் போயிரணும். தொழுதுட்டு வரக்குள்ள பிள்ளையள் தட்டக் காலி பண்ணியிருக்கும். கஞ்சியிலயும் தேங்காய் முதற்பாலுக்குப் பதிலா கப்பிப்பால், தண்ணியான பால். தராவீஹ் இரவுத் தொழுகைக்கு மோட்டார் சைக்கிள் இல்ல, நடைதான்.

கோட்டை வாசல் நடையாளன்
டச் பேயில தொடங்கி, பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்கினால் நல்ல நடை. உலக சுகாதார ஸ்தாபனம் கேக்கிறது கிழமைக்கு 150 நிமிசம், பக்கத்தில வாற ஆளோட கதைக்கலாம், ஆனா பாட ஏலாத வேகம். (மானுக்குப் பிஸ்கட் குடுத்துக்கொண்டு நிண்ட நேரத்தைக் கணக்கில சேர்க்காதேங்கோ.)

எழுத வந்தது வேற. ஒருநாள் அந்த ஏத்தத்தில ஒரு ஐயா நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்திட்டார். காலமைக் குளிரில சேட்டு நனைய வேர்வை, தாடையும் நோகுதெண்டார். சுத்தி நிண்டவையில பாதிப்பேர் "வாய்வு, சோடா குடுங்கோ" எண்டினம். கச்சான் விக்கிற அக்கா ஒராள் தான் "சோடாவை வையுங்கோ, 1990க்கு அடியுங்கோ" எண்டு சத்தம் போட்டவ. இலவச அம்புலன்ஸ் அது. ஆளை நடக்க விடாமல் சாய்ச்சு இருத்தினம். ஹார்ட் அட்டாக்தான், ஆள் தப்பிட்டார். பிறகு கேட்டால், ஏறும்போது நெஞ்சு இறுக்கிறதும் நிண்டால் விடுறதும் கனநாளா இருந்ததாம், ஆருக்கும் சொல்லேல்லையாம். அப்பிடி இருக்கிற ஆக்கள் நடையைக் கூட்ட முதல் டொக்டரிட்டக் காட்டி ஈசிஜி எடுங்கோ.

உவர்மலை அக்கா
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், கடையில சோடியம் குறைஞ்ச உப்பெண்டு ஒண்டு விக்குது. வாங்கலாமோ?

வார்ட்டில நிக்கிறவள்
அக்கா, அதில சோடியத்தின்ர ஒரு பங்குக்குப் பதிலாப் பொட்டாசியம் சேர்க்கிறவை. கனபேருக்கு அது நல்லதுதான். ஆனா சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கும், சில பிரஷர் குளிசை போடுற ஆக்களுக்கும் இரத்தத்தில பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே குழப்பும். லொசார்ட்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரிப் பேர் கொப்பியில கிடந்தால் கேக்காமல் வாங்காதேங்கோ. அடுத்த கிளினிக்குக்குப் பைக்கட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கோ.