அப்பா கடலுக்குப் போன ராத்திரியில் பிள்ளை கையில் போன்

தங்கச்சிமடத்திலிருந்து:

ராத்திரி முழுக்க போனை நோண்டுற பிள்ளைகிட்ட இருந்து அதைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல உட்கார்ந்து என்ன பார்க்கிறான்னு பாருங்க. அக்கா மகன் பிளஸ் ஒன். மாமா விசைப்படகுல போறவர். படகு போன ராத்திரி பையன் கண்ணு மூட மாட்டான். கேம்னுதான் தெருவுல பேச்சு. நான் பார்த்தப்போ ஓடினது மீனவர் வாட்ஸப் குரூப். இலங்கை நேவி எந்தப் படகைப் பிடிச்சாங்க, தலைமன்னாருக்குக் கொண்டு போனாங்களா, காங்கேசன்துறைக்கா? யாரோ போட்ட பழைய வீடியோவுல படகு நம்பரை மட்டும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கிறான். விரல் நடுங்குது.

டாக்டர்கிட்ட காட்டலாம்னதும் அக்கா, "ஏர்வாடிக்கா?"ன்னு கேட்டுச்சு. நம்ம கரையில மனசு சரியில்லைன்னாலே அந்த ஊர்ப் பேருதான். 2001 ஆகஸ்ட்ல சங்கிலியோட கிடந்த 28 பேர் அங்க தீயில போனதை யாரு மறந்தா? சங்கிலி போடக்கூடாதுன்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது. ஆனாலும் அந்தப் பயத்துலயே எத்தனை பிள்ளைகளை யார்கிட்டயும் காட்டாம வச்சிருக்கோமோ, நினைச்சா வயிறு எரியுது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா, "பார்த்து முடிச்சதும் நெஞ்சு எப்படிப்பா இருக்கு?"ன்னுதான் கேட்டாங்க. பையன் உடைஞ்சு அழுதுட்டான். இப்ப ராத்திரி அவன் போன் அடுப்படி அலமாரியில. ஏதாவதுன்னா சங்கத்துல ஒருத்தர் அக்காவோட பட்டன் போனுக்கு அடிப்பார். அது அடிக்கலைன்னா மாமா தொழில்ல இருக்கார்னு அர்த்தம். ஆரம்பத்துல எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்படிக்குப் போனான். இப்ப தூங்குறான், காத்து பலமா அடிக்கிற ராத்திரி தவிர.

பாம்பனிலிருந்து:

தங்கச்சி, எங்க வீட்டுல மீன்பிடித் தடைக்காலத்துலதான் கஷ்டம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில. வீட்டுல காசு இருக்காது, பள்ளிக்கூடமும் லீவு. மகன் பணம் கட்டி ஆடுற கேம்ல விழுந்துட்டான். அவங்க அப்பா கையை ஓங்கிட்டார். நான் தடுத்து 14416-க்குப் போட்டுக் கொடுத்தேன். டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, எந்த நேரமும் எடுக்கிறாங்க, தமிழ்லயே பேசலாம். அவன் உள்ளே பேசினான், நாங்க திண்ணையில இருந்தோம். என்ன பேசினேன்னு இன்னைக்கு வரை கேட்கல.

தங்கச்சிமடத்திலிருந்து:

கேட்காம விட்டீங்களே அக்கா, அதான் பெரிசு. அந்த நம்பரை, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கிற இடத்துல எழுதி ஒட்டச் சொல்லி மாமாகிட்ட கொடுத்துவிடுறேன்.