டார்ச்சில் எல்இடி மாற்ற உதவி வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். என் டார்ச்சில் உள்ள எல்இடியைக் கழற்றிவிட்டு நிறங்களை நன்றாகக் காட்டும் நிச்சியா 519ஏ என்ற எல்இடியைப் போடலாம் என்றிருக்கிறேன். இப்போது இருப்பதில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, நிறம்தான் சகிக்கவில்லை. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் இரவு நடை போனால் செம்மண்ணும் காய்ந்த இலையும் ஒரே சாம்பல் பச்சையாகத் தெரிகின்றன.

விற்பவர்கள் சிஆர்ஐ எண்ணோடு (ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) பேச்சை முடித்துவிடுகிறார்கள். அது முதல் எட்டு வண்ண மாதிரிகளின் சராசரிதான்; அடர்சிவப்புக்கான ஆர்9 அதில் சேராது. அதனால் ஆர்9 மதிப்பைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்கப்போகிறேன்.

5700 கெல்வின் (வெள்ளொளியின் நிறச் சாயலுக்கான அளவு) எல்இடியை வாங்கி, அதன் மேலுள்ள சிலிக்கோன் குமிழைச் சீவிவிடுவது என் திட்டம். பச்சைச் சாயல் போய், ஒளியும் மஞ்சள் பக்கம் இறங்கும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. குமிழைச் சீவிய அனுபவம் உள்ளவர்கள் எந்த பிளேடு, எவ்வளவு உயரம் விட்டு வெட்டுவது என்று சொல்லுங்கள். கூகுளில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

அப்புறம், 3535 அளவு (3.5 மில்லிமீட்டர் சதுர) எல்இடியைச் சாலிடர் பண்ணுவதற்கான 16 மில்லிமீட்டர் செம்புப் பலகை, மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் எந்தக் கடையில் கிடைக்கும்? ஹாட் பிளேட் வைத்திருப்பவர் யாராவது சாலிடர் பண்ணித் தருவீர்களா? கூலி தருகிறேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வெளிநாட்டிலிருந்து ஒன்றாக வரவழைக்கலாம். 9 சதவீத ஜிஎஸ்டி எப்படியும் உண்டு, அஞ்சல் செலவாவது மிச்சமாகும்.

என் டார்ச்சின் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் தரும் சுற்று) 3 வோல்ட் எல்இடிக்கானது. 6 வோல்ட் எல்இடி எதையும் பரிந்துரைக்க வேண்டாம்.