புதுப்பிப்பு: நந்தினியின் குழந்தைப் பருவம்

1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்து பாகங்களையும் மதுரையில் மீண்டும் படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், சிறுவயதில் காவேரியில் விழுந்து காப்பாற்றப்பட்ட சோழ இளவரசன் அருள்மொழியின் அந்த நினைவே கதையைத் தாங்குவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். சோழ குலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். வைகைக் கரைக் கிராமத்தில் வாழ்ந்தபோது தன் தந்தை அவளை நந்தவனத்தில் கண்டெடுத்ததாக அவளுடைய வளர்ப்பு அண்ணன் ஆழ்வார்க்கடியான் சொல்லும் இடத்தை, நம்மூர் ஆறு வருகிறதே என்ற பெருமிதத்தோடு மட்டுமே சிறுவயதில் கடந்திருக்கிறேன். இப்போது கவனித்தால், அருள்மொழியின் நினைவு அவனுடையதாகவே இருக்கிறது. நந்தினியின் தொடக்கத்தையோ பிறர்தான் சொல்கிறார்கள், அதிலும் மாமல்லபுரத்தில் தன் நண்பன் பார்த்திபேந்திரனிடம், அவளைக் காதலித்த கரிகாலன் (அருள்மொழியின் அண்ணன்) விவரிக்கும்போது அவள் அவனுடைய வேதனையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறாள். அவளுடைய கோபத்தை எனக்கு நியாயமாக்குவது அந்த ஏற்றத்தாழ்வுதான். நாவலின் இன்னொரு பாத்திரமான ஊமைராணியைப் பற்றி மீதிப் பாகங்களை முடித்த பிறகு எழுதுகிறேன்.