சபையில் உட்கார்ந்திருப்பவர் ‘ஆப்சென்ட்’ ஆனது எப்படி? தாமஸ் ரீடும் 1890 கோரம் சண்டையும்

நடுப்பக்கம் (கேள்வி)

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மெய்ன் மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர் தாமஸ் பிராக்கெட் ரீட் பெயர் வரும் இடமெல்லாம் ‘ஜார் ரீட்’ (ரஷ்யச் சக்கரவர்த்தியைப் போன்றவர்) என்ற பட்டப்பெயரும், ‘1890-ல் சபாநாயகராக இருந்து கோரத்தை எண்ணினார்’ என்ற ஒற்றை வரியும்தான் இருக்கிறது. கோரத்தை, அதாவது சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்களை, எண்ணுவது சபாநாயகர் வேலைதானே, அதற்கு ஏன் ரகளை?

மூன்று இடம் இடிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் உறுப்பினரை எப்படி ‘இல்லை’ என்று கணக்குக் காட்ட முடிந்தது? ரீட் அதை எந்த அதிகாரத்தில் மாற்றினார்? எதிர்க்கட்சியில் இருந்தபோது அவரே இதே தந்திரத்தை ஆதரித்துப் பேசினார் என்கிறார்களே, உண்மையா?

வாக்குச்சீட்டு

முதல் கேள்விக்குக் கணக்கிலிருந்து போவோம். 1889 டிசம்பரில் கூடிய 51-வது காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) பிரதிநிதிகள் சபைக்கு 330 இடம். அரசியல் சட்டப்படி பாதிக்கு மேல் இருந்தால்தான் சபை நடக்கும், அதாவது 166. அந்த மாதம் 2-ஆம் தேதி சபாநாயகர் தேர்தலில் ரீடுக்கு விழுந்ததும் சரியாக 166 வாக்குகள், ஜனநாயகக் கட்சியின் கார்லைலுக்கு 154. கோரத்துக்குத் தேவையான எண்ணும் ஆளுங்கட்சியின் பலமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். நாலு பேர் காய்ச்சலில் படுத்தால், இரண்டு பேர் ரயிலைத் தவறவிட்டால், கதை முடிந்தது.

‘ஏன், எதிர்க்கட்சிக்காரர்களும் உள்ளேதானே இருக்கிறார்கள்?’ என்று கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான். அன்று கோரம் இருக்கிறதா என்பதைத் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை. பெயர் வாசிக்கும்போது பதில் சொன்னவர்களை மட்டும் கூட்டுவார்கள். எழுத்தர் பெயரைக் கூப்பிடுவார், உறுப்பினர் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டார். பதிவேட்டில் அவர் ‘வாக்களிக்காதவர்’. கோரக் கணக்கில் அவர் ஊரிலேயே இல்லாதவருக்குச் சமம்.

இனிமேல்தான் வேடிக்கை. கோரம் இல்லையென்றால் சபைக்கு இரண்டே வழி: ஒத்திவைப்பது, அல்லது வருகைப் பதிவு எடுப்பது. வருகைப் பதிவு எடுத்தால் அதே ஆட்கள் ‘உள்ளேன்’ என்று குரல் கொடுப்பார்கள், கோரம் வந்துவிடும். உடனே பழைய வாக்கெடுப்பை மறுபடி நடத்துவார்கள். மறுபடி மௌனம், மறுபடி கோரம் போய்விடும். பெயர் வாசிப்பு என்றால் 330 பெயரையும் ஒரு சுற்று படித்து, பதில் சொல்லாதவர்களை இரண்டாம் சுற்றும் கூப்பிட வேண்டும். இப்படியே பொழுது சாயும்.

இதோடு அன்று இன்னொரு கருவியும் இருந்தது. ஒத்திவைக்கலாம், இடைவேளை விடலாம், இன்ன தேதிக்குத் தள்ளிவைக்கலாம் என்ற மூன்று தீர்மானங்களும் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரத் தக்கவை. சிலவற்றுக்குத் திருத்தமும் கொடுக்கலாம். வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் வாசித்தே தீர வேண்டும். இது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. எந்த சபாநாயகரும் மறுக்க முடியாது.

மௌன வழியைத் தொடங்கிவைத்த பெருமை முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குயின்சி ஆடம்ஸுக்கு. 1832-ல் ஒரு கண்டனத் தீர்மானத்தில் வாக்களிக்க மறுத்து உட்கார்ந்தார். அடுத்த அரை நூற்றாண்டில் இரண்டு கட்சிகளும் அதை நன்றாகவே பழகிக்கொண்டன.

பழையபதிவேடு

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போனது: நாளும் வழக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட விதம். ரீட் முன்கோபத்தில் செய்த காரியமாக இதை எழுதுகிறார்கள். அப்படி இல்லை.

டிசம்பரில் சபை கூடியும் ஜனவரி முடியும்வரை அந்த சபைக்கு என்று விதிகளே நிறைவேற்றவில்லை. விதிக்குழுவில் ரீடும் மெக்கின்லியும் ஜோசப் கேனனும் பெரும்பான்மை. புது விதிகளைத் தயாரித்துக்கொண்டே தள்ளிப்போட்டார்கள். இடைக்காலத்தில் பொதுவான நாடாளுமன்ற நடைமுறைதான் சட்டம். ஆகவே, ‘இன்ன எண் விதியை மீறிவிட்டீர்கள்’ என்று யாரும் புத்தகத்தைக் காட்ட முடியாது.

வழக்கும் அப்படியே. 1890 ஜனவரி 29 அன்று பென்சில்வேனியாவின் ஜான் டால்ஸெல் எழுப்பியது மேற்கு வர்ஜீனியாவின் ஒரு தொகுதித் தகராறு: உட்கார்ந்திருப்பவர் ஜனநாயகக் கட்சியின் ஜாக்சன், இடத்தைக் கோருபவர் குடியரசுக் கட்சியின் ஸ்மித். இதுபோன்ற வழக்கு ஒவ்வொன்றிலும் வென்றால் ஆளுங்கட்சிக்கு ஒரு ஆள் கூடும், எதிர்க்கட்சிக்கு ஒன்று குறையும். 166-ல் தொங்கிக்கொண்டிருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜார்ஜியாவின் சார்லஸ் கிரிஸ்ப் எதிர்த்தார். ‘இதை எடுத்துக்கொள்ளலாமா’ என்ற கேள்வி வாக்கெடுப்புக்குப் போனது. ஆதரவு 161, எதிர்ப்பு 2 என்று சில நூல்களில் பார்ப்பீர்கள்; சிலவற்றில் 162, 3. எந்த எண்ணை எடுத்தாலும் 166 வராது. கிரிஸ்ப் எழுந்து ‘கோரம் இல்லை’ என்றார்.

வழக்கப்படி அங்கே எல்லாம் நின்றிருக்க வேண்டும். ரீடோ, ‘வந்திருந்தும் வாக்களிக்க மறுக்கும் பின்வரும் உறுப்பினர்களின் பெயர்களைப் பதிவுசெய்யுங்கள்’ என்று எழுத்தருக்கு உத்தரவிட்டு அகர வரிசையில் வாசிக்க ஆரம்பித்தார். பிளாஞ்சர்ட், பிளாண்ட், பிளவுண்ட்... கென்டக்கியின் பிரெக்கின்ரிட்ஜ் பெயர் வந்ததும், சபாநாயகருக்கு அந்த அதிகாரம் இல்லை, இது புரட்சி என்று அவர் கத்தினார். அதே மாநிலத்து மெக்ரீரி எழுந்து, தன்னை வந்தவராக எண்ண உங்களுக்கு உரிமையில்லை என்றார். ரீட் பதிலுக்கு, ‘கென்டக்கி உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் தலைமை சொல்கிறது. அவர் அதை மறுக்கிறாரா?’ என்று கேட்டார். இருக்கிறேன் என்றால் எண்ணப்படுவார். இல்லை என்றால், பேசுவது யார்?

ரீடின் வாதத்தின் ஆணிவேர் அரசியல் சட்டத்தின் ஒரு வாசகம்: வராத உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துவர சபைக்கு அதிகாரம் உண்டு. இழுத்து வந்து உட்காரவைத்த ஆளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றால் அந்த அதிகாரத்தால் என்ன பயன்? துணைக்கு முன்னுதாரணங்களும் வைத்திருந்தார். அதில் ஒன்று நியூயார்க் மாநில செனட்டில் ஜனநாயகக் கட்சியின் டேவிட் ஹில் செய்தது. எதிராளி வீட்டுச் சாட்சியையே கூப்பிடுவது என்பார்களே, அது.

கிரிஸ்ப் ரீடின் இந்த ரூலிங்கை (சபாநாயகரின் முடிவை) எதிர்த்து சபையிடமே மேல்முறையீடு செய்தார். அதைக் கிடப்பில் போடும் தீர்மானமும் எண்ணப்பட்ட கோரத்தைக் கொண்டே நிறைவேறியது. பல நாள் அமளிக்குப் பிறகு பிப்ரவரி 3-ல் ஸ்மித்துக்கு இடம் கிடைத்தபோது வாக்கு 166-க்கு 0. கடைசியில் தன் கட்சி ஆட்களை வைத்தே முழு எண்ணையும் தேற்றிக்கொண்டார். எண்ணும் சண்டையில் வென்ற பிறகு எண்ணத் தேவையில்லாமல் போனது.

நடுப்பக்கம்

இப்போது புரிகிறது. ஆனால் சபாநாயகர் தானே எண்ணிக்கொண்டால், இல்லாத ஆளையும் சேர்த்துவிட மாட்டாரா? நீதிமன்றம் ஜனவரி 29 ரூலிங்கை ஏற்றுக்கொண்டது என்று ஓர் இடத்தில் படித்தேன், அதுவும் சரியா?

மூன்றாம்வாசிப்பு

நீதிமன்றம் பார்த்தது ஜனவரி ரூலிங்கை அல்ல. பிப்ரவரி 14-ல் சபை நிறைவேற்றிய எழுத்து விதியை. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த விதித்தொகுப்பில் முக்கியமானவை: வந்திருந்து வாக்களிக்காதவர் கோரத்தில் சேருவார், இழுத்தடிப்பதற்காகவே வரும் தீர்மானத்தை சபாநாயகர் ஏற்க வேண்டியதில்லை, முழுச் சபைக் குழுவுக்கு (சபை முழுவதுமே ஒரு குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது) 100 பேர் இருந்தால் போதும். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றாட வேலை ஓடியதற்கு அதன் பங்கு பெரிது என்பது என் கருத்து.

வழக்கு வந்தது துணியால். ஒருவகைக் கம்பளித் துணிக்கு இறக்குமதி வரியை உயர்த்திய 1890 சட்டம் செல்லாது என்று இறக்குமதியாளர் வாதாடினார். அந்த மசோதாவுக்கு ஆதரவாக 138, எதிராக ஒருவரும் இல்லை, வாக்களிக்காதவர் 189. வாய் திறந்தவர்களை மட்டும் எண்ணினால் கோரம் இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் வந்திருந்து மௌனம் காத்த 74 பேரின் பெயர் பதிவேட்டில் இருந்தது. 138-உம் 74-உம் 212. 1892-ல் பாலின் வழக்கில் நீதிபதி புரூயர் எழுதிய தீர்ப்பு: பெரும்பான்மையினர் வந்திருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, வந்திருப்பதை எப்படிக் கண்டறிவது என்பது சபையின் விருப்பம்.

ஆள் இல்லாமலே எண்ணும் அபாயம் பற்றி: தலையை எண்ணி ‘இருநூறு’ என்று அறிவிப்பது வேறு, பெயரைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவது வேறு. பெயர் இருந்தால், ‘நான் அன்று ஊரில் இல்லை’ என்று ஒருவர் நிரூபிக்க முடியும். ரீட் பெயர் பெயராக வாசித்ததற்குப் பயன் இதுதான்.

எதிர்வரிசை

எதிர்க்கட்சியில் இருந்தபோது ரீடே இந்த மௌனத் தந்திரத்தை ஆதரித்தாரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உண்மைதான். 1880-ல் வர்ஜீனியாவின் டக்கர் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர், வந்திருப்பவர்களைக் கோரத்தில் எண்ணும் விதியை முன்வைத்தார். எதிர்த்தவர்களில் ஒருவர் ரீட். கோரம் என்றால் வந்திருப்பவர் மட்டுமல்ல, அலுவலில் பங்கெடுப்பவரும்தான் என்பது அன்றைய வாதம். 1890-ல் எதிர்த்தரப்பினர் இந்த உரையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே படித்தார்கள்.

ஆனால் ஒரே நாளில் சட்டையை மாற்றியவர் என்று சொல்ல மாட்டேன். 1882 ஜனவரியில் விதிக்குழுவுக்கு வந்தார். அந்த மே மாதமே, விதிகளை மாற்றும் முன்மொழிவை இழுத்தடிப்புத் தீர்மானங்களால் தடுக்க முடியாது என்ற நிலையை எடுத்தார். சபாநாயகர் கீஃபர் ஏற்றுக்கொண்டார். 1890-க்கான பாதி வழி அங்கேயே போட்டாகிவிட்டது.

சுவையான பகுதி அடுத்து வருகிறது. 1890 பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் குடியரசுக் கட்சி படுதோல்வி. ஜனநாயகக் கட்சி வந்து ரீடின் விதியைத் தூக்கிப் போட்டது, கிரிஸ்ப் சபாநாயகரானார். ரீட் என்ன செய்தார் தெரியுமா? தன் கட்சிக்காரர்களை வாயை மூடி உட்காரச் சொன்னார். ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தும் ஆட்களை வாஷிங்டனில் பிடித்துவைக்க முடியவில்லை. வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பாகக் கோரம் விழுந்தது. கடைசியில் 1894 ஏப்ரலில், ‘கோரம் இல்லை’ என்று முதலில் எழுந்த அதே கிரிஸ்ப் தலைமையில், வந்தவர்களை எண்ணும் விதி திரும்ப வந்தது. நீதிமன்றத் தீர்ப்பைவிட இதைத்தான் ரீடின் உண்மையான வெற்றியாகச் சொல்வேன்.

பழையபதிவேடு

ஆள் யாரென்றும் சுருக்கமாகச் சேர்த்துவிடுகிறேன். 1839-ல் போர்ட்லண்டில் பிறந்தவர், 1860-ல் போடன் கல்லூரிப் பட்டதாரி, உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் கடற்படையில் சம்பளக் கணக்கு அதிகாரி, மாநிலத்தின் இரு அவைகளிலும் உறுப்பினர், மெய்னின் அட்டர்னி ஜெனரல். 1877 முதல் 1899 வரை வாஷிங்டன். சபாநாயகர் பதவி இரண்டு தவணை: 1889 முதல் 1891 வரை, பிறகு 1895 முதல் 1899 வரை. ஆறடிக்கு மேல் உயரம், பெருத்த உடம்பு. கார்ட்டூன் வரைபவர்களுக்குக் கொண்டாட்டம்.

1896-ல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்றார். செயின்ட் லூயிஸ் மாநாட்டில் மெக்கின்லிக்கு 661½, ரீடுக்கு 84½. பழைய விதிக்குழு சகா மெக்கின்லி வெள்ளை மாளிகைக்குப் போனார். அங்கிருந்து இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஸ்பெயினோடு போர், ஹவாய், பிலிப்பைன்ஸ் என்று நாடு கடல் தாண்டிப் போவது ரீடுக்கு அறவே பிடிக்கவில்லை. ஹவாயைச் சேர்க்கும் தீர்மானத்தைச் சில வாரம் நிறுத்திவைத்துப் பார்த்தார். சொந்தக் கட்சியே நெருக்கியது. 1898 ஜூன் 15-ல் அது 209-க்கு 91 என்று நிறைவேறியபோது ரீட் உடல்நலக் குறைவால் சபையில் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பதவியை விட்டு நியூயார்க்கில் வழக்கறிஞரானார். 1902 டிசம்பரில் வாஷிங்டனில் இறந்தார்.

அந்த ஹவாய் வாக்கெடுப்பின்போது தலைமை நாற்காலியில் இருந்தவர், 1890-ல் ஸ்மித் வழக்கை எழுப்பிய அதே டால்ஸெல். சபாநாயகர் வந்திருந்தால் எதிர்த்து வாக்களித்திருப்பார் என்று அவர் அறிவித்தார்.