கலைச்சொல் பரிந்துரை: நிகழ்வரைக் காலம், நிகழ்வரைத் தொடர்காலம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

'ஐ ஹேவ் லிவ்ட்' போன்ற, 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்னும் ஆங்கில வினைவடிவை 'நிகழ்கால முற்று' என்று வழங்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழில் 'முற்று' எச்சத்துக்கு எதிரானது. 'வருகிறான்' என்பது நிகழ்கால வினைமுற்று என்று படித்துவிட்டு வரும் பினாங்குத் தமிழ்ப்பள்ளி மாணவர், அடுத்த பாடவேளையில் அதே பெயரை ஆங்கிலத்தில் வேறொன்றுக்குக் கேட்டால் குழம்பத்தான் செய்வார். மேலும், 'ஐ ஹேவ் லிவ்ட் இன் பட்டர்வொர்த் சின்ஸ் 2015' என்பவர் இன்னும் பட்டர்வொர்த்தில்தான் வசிக்கிறார். அங்கே எதுவும் முற்றுப்பெறவில்லை.

பயிற்சியில் மாணவர் எங்கே இடறுகிறார் என்று பார்த்துப் பெயரிடுவதே முறை. '2015 முதல் இங்கே வசிக்கிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவதால், அவர் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2015' என்று எழுதிவிடுகிறார். 'சென்ற ஆண்டுத் தைப்பூசத்துக்கும் அவர் வந்திருக்கிறார்' என்பது நல்ல தமிழ். ஆனால் 'ஹி ஹேஸ் கம் லாஸ்ட் இயர்' என்பதை ஆங்கிலம் ஏற்காது, ஏனெனில் கழிந்துபோன ஒரு நாளையோ ஆண்டையோ சுட்டிவிட்டால் அங்கே இவ்வடிவத்துக்கு இடமில்லை. செயல் முடிந்ததைக் காட்டும் மலாய்ச் சொல்லான 'சுடா'வும் இங்கே உதவாது. அது நேற்றைய செயலோடும் தடையின்றி வரும்.

கடந்த காலத்தில் தொடங்கிப் பேசும் கணம்வரை நீளும் காலப்பரப்பு மாணவர் மனத்தில் பதியாததே இவ்விரு பிழைகளுக்கும் வேர். ஆகவே நிகழ்காலத்தை எல்லையாகக் கொண்டது என்ற பொருளில் 'நிகழ்வரைக் காலம்' என்பதை முன்வைக்கிறேன். 'சாவியைத் தொலைத்துவிட்டேன்' போன்ற சொற்றொடருக்கு இப்பெயர் பொருந்துமா என்று கேட்கலாம்; 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்பவருக்குச் சாவி இந்நேரம்வரை கிடைக்கவில்லை என்பதால் பொருந்தும்.

இதன் தொடர்வடிவம் 'நிகழ்வரைத் தொடர்காலம்'. மூன்று அத்தியாயம் படித்தாகிவிட்டது என்று விளைவைக் கணக்கிட்டால் 'ஐ ஹேவ் ரெட்'. காலையிலிருந்து படித்தபடியே இருக்கும் செயலை முன்னிறுத்தினால் 'ஐ ஹேவ் பீன் ரீடிங்'. அறிதல் செயலன்று, நிலை. எனவே பத்தாண்டுப் பழக்கமானாலும் 'ஐ ஹேவ் நோன் ஹிம்' என்றே வரும், அதற்குத் தொடர்வடிவம் இல்லை.

இறந்தகாலம், எதிர்காலம் ஆகிய ஏனைய இரு காலங்களின் 'பெர்ஃபெக்ட்' வடிவங்களுக்கும் 'கழிவரை', 'எதிர்வரை' என்று அமைக்கலாம். 'இறந்தவரை' என்றால் மறைந்த மனிதரைச் சுட்டுவதாகிவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். 'கழிவரை' என்பதன் ஓசை பிடிக்காதவர்கள் மாற்றுச்சொல் தர வேண்டுகிறேன். 'வரை' மட்டும் மூன்றிலும் மாறாமல் நிற்க வேண்டும்.