அப்பாவின் கே1000: முதல் ரோல் வெறுமை, இரண்டாவதில் ஆரஞ்சுக் கோடு. ஹம்பிக்கு எடுத்துப் போகலாமா?

வைகைக்கரை:

வணக்கம். டிசம்பர் கடைசியில் அம்மாவோடு ஹம்பி போகிறேன், நான்கு நாள். கையில் இரண்டு கேமரா இருக்கிறது. ஒன்று நான் ஐந்து வருடமாக வைத்திருக்கும் மிரர்லெஸ் டிஜிட்டல். இன்னொன்று அப்பாவின் பென்டாக்ஸ் கே1000, 50 எம்எம் லென்ஸோடு. 1984-ல் அப்பா அந்தக் கேமராவில்தான் விட்டலர் கோயில் கல்தேர் முன்னால் அம்மாவை நிற்கவைத்து எடுத்தார். அந்தக் கருப்பு வெள்ளைப் படம் இன்னும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அதே இடத்தில், அதே கேமராவில் அம்மாவை இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

சோதனைக்குக் கலர் பிலிம் (200 வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு) இரண்டு ரோல் போட்டுப் பார்த்தேன். முதல் ரோலில் கவுண்டர் 39 வரை போனது, கழுவி வந்தபோது ஒரு படம்கூட இல்லை. லேப்தான் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டாவதில் படங்கள் வந்தன, ஆனால் பலவற்றில் ஓரமாக ஆரஞ்சுக் கோடு. நிழல் பகுதியெல்லாம் சேறு மாதிரிக் கலங்கலாக, புள்ளி புள்ளியாக இருக்கிறது. ஆறு வாரம்தான் இருக்கிறது. சரிசெய்ய முடியுமா, இல்லை டிஜிட்டலை மட்டும் எடுத்துப் போகட்டுமா?

இருட்டறை:

தம்பி, லேபைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வெறுமையாக வந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்து ஓட்டைகளை ஒட்டிப் பிலிமின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்று எண்களும் தெரிகின்றனவா? அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதித்தவை, கழுவினால்தான் வெளியே வரும். அவை தெரிந்தால் லேப் ஒழுங்காகக் கழுவியிருக்கிறது. ஓரமும் வெறுமையாக இருந்தால் மருந்தில் கோளாறு.

வைகைக்கரை:

பார்த்தேன் ஐயா. எழுத்துகள் பளிச்சென்று இருக்கின்றன. லேப்காரரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்கிறேன்.

இருட்டறை:

அப்படியானால் பிலிம் நகரவே இல்லை. 39 வரை போனது என்கிறீர்களே, அதுவே சாட்சி. 36 படம் எடுக்கும் ரோல் என்றால் 37, 38-க்குள் லீவர் இறுகி நின்றுவிடும். கவுண்டர் பிலிமை எண்ணாது, லீவர் தள்ளுவதைத்தான் எண்ணும்.

அடுத்த ரோலை இப்படி மாட்டுங்கள். பிலிமின் நாக்கை வலப்பக்க உருளையின் பிளவில் ஆழமாகச் செருகி, பின்மூடி திறந்திருக்கும்போதே லீவரை ஒருமுறை தள்ளுங்கள். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் ஓட்டைகளில் பல் ஏறியிருக்க வேண்டும். மூடியபின், இடப்பக்கம் மேலே இருக்கும் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றி, இறுக்கம் தட்டியதும் நிறுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு முறை லீவர் தள்ளும்போதும் அந்தக் குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். இருபது வருடம் கல்யாண வீடுகளில் படம் எடுத்தேன். குமிழ் சுழல்வதைக் கண்ணால் பார்க்காமல் முகூர்த்த நேரத்தில் பட்டனை அழுத்தியதே இல்லை.

ஆரஞ்சுக் கோட்டுக்குக் காரணம் பின்மூடி ஓரத்தில் வெளிச்சம் புகாமல் அடைக்கும் பஞ்சு. இத்தனை வருடத்தில் அது தார் மாதிரி ஒட்டும் பிசினாகியிருக்கும். தொட்டுப் பாருங்கள், விரல் கருப்பாகும். கீல் பக்கம் வழியாக வெளிச்சம் பிலிமின் முதுகில் விழுகிறது. கலர் நெகட்டிவில் சிவப்பை உணரும் அடுக்கு முதுகுப் பக்கம் இருப்பதால்தான் அந்த நிறம். பல்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, புதுப் பஞ்சுப் பட்டை ஒட்டுங்கள். ஷட்டர் துணி மேல் மட்டும் விரலோ ஸ்பிரிட்டோ படக் கூடாது.

நெடுஞ்சாலை:

உங்கள் ஆசை புரிகிறது. ஆனாலும் பயணத்துக்கு டிஜிட்டலே முக்கியக் கேமராவாக இருக்கட்டும். விருபாட்சர் கோயிலில் ஒரு சின்னத் துவாரம் வழியாக ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழும். அந்த இருட்டில் 200 வேகப் பிலிமைக் கையில் பிடித்து எடுக்கவே முடியாது, டிஜிட்டலில் 3200 வைத்து எடுத்துவிடலாம். மாதங்க மலைச் சூரியோதயத்திலும் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சரியாக வந்ததா என்று அங்கேயே தெரிவது பெரிய நிம்மதி. ரோல், கழுவுதல், ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு பட்டன் அழுத்தலுக்கும் காசு போகிறது.

கரிசல்:

கலங்கல் நிழலுக்கு நான் சொல்கிறேன், இதே தவறை நானும் செய்தேன். டிஜிட்டலில் வானம் வெளுத்துவிடக் கூடாது என்று வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே எடுத்துப் பழகியிருப்பீர்கள். அங்கே நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப் போனது திரும்பாது. கலர் நெகட்டிவ் இதற்கு நேர் எதிர். வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் நிழலில் ஒன்றும் பதியாது. அதோடு கே1000-இல் வெளிச்சம் அளக்கும் மீட்டர் முழுக் காட்சியையும் சராசரியாக எடுக்கும், வானம் நிறைய இருந்தால் ஏமாந்துவிடும். கேமராவைத் தரைப்பக்கம் தாழ்த்தி அளந்துவிட்டு, அப்புறம் நிமிர்த்தி எடுங்கள். 200 பிலிமுக்குக் கேமராவின் பிலிம் வேகச் சக்கரத்தை 100-இல் வைத்தாலும் சரி. அந்த மீட்டருக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது, எடுக்காத நேரம் லென்ஸை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீரும்.

ரயில் நிலைய ஸ்கேனரில் 200 பிலிம் ஒன்றிரண்டு முறை போனால் பயமில்லை. விமானம் என்றால் செக்-இன் பெட்டியில் வைக்கவே வேண்டாம். புது சிடி ஸ்கேனர் இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கூடுதல் தகவல். 1856-லேயே அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி மெழுகு பூசிய காகித நெகட்டிவில் ஹம்பியை எடுத்திருக்கிறார். அவர் படத்தில் கல்தேரின் மேல் ஒரு செங்கல் விமானம் இருக்கும். இப்போது அது இல்லை. அப்படிப்பட்ட பழைய படங்கள் இல்லையென்றால் அப்படி ஒன்று இருந்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

வைகைக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். பஞ்சு மாற்றினேன், விரல் கருப்பு இரண்டு நாள் போகவில்லை. மூன்றாவது ரோல் மாட்டினேன், குமிழ் சுழன்றது. சக்கரத்தை 100-இல் வைத்து எங்கள் தெருவையும் அம்மாவையும் எடுத்தேன். கோடு இல்லை. திண்ணை நிழலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. லேப்காரரே போன் செய்து சொன்னார்.

மற்றதெல்லாம் டிஜிட்டலில், கல்தேருக்கு மட்டும் ஒரு ரோல் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: பழைய படத்தில் அம்மா தேர்ச் சக்கரத்தில் கை வைத்திருக்கிறார். இப்போது சுற்றித் தடுப்பு இருக்கிறதாமே?

நெடுஞ்சாலை:

ஆமாம், தொட முடியாது. தடுப்புக்கு வெளியே அம்மாவை நிறுத்துங்கள். பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, முதலில் டிஜிட்டலில் எடுத்து ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடியுங்கள். உங்களுடையது ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சார் என்றால் 35 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய அதே கோணம் காட்டும். இடம் சரியானதும் கே1000-ஐ எடுங்கள். காலையில் கோயில் திறந்ததுமே போய்விடுங்கள். வண்டியை ஒரு கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிடுவார்கள், அம்மாவுக்கு அங்கிருந்து பேட்டரி வண்டி உண்டு.

இருட்டறை:

கருப்பு வெள்ளையா, கலரா தம்பி?

வைகைக்கரை:

அப்பா எடுத்ததுபோலக் கருப்பு வெள்ளை என்றுதான் நினைத்திருந்தேன் ஐயா. நேற்று அம்மா பீரோவிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தில் கட்டியிருந்தது அதுதானாம். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்தும் எனக்கு அது தெரியாது. கலர் ரோலே வாங்கிவிட்டேன்.