பனைக்கு ஆணிவேர் உண்டா: மூன்று நாளாக ஓயாத சண்டை

தேரிக்காட்டான்: "ஓக் மரத்தைப் போலப் பனையும் ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கித்தான் வறட்சி தாங்குகிறது" என்று ஒருவர் நேற்று இங்கே அளந்துவிட்டிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஓக் விதை முளைக்கும்போது முதலில் ஆணிவேரைத்தான் விடும், சரி. பனைக்கு ஏதுவே ஆணிவேர்? நெல், தென்னை போல அதுவும் ஒருவித்திலை; விதைக்குள் ஒரே ஒரு வித்திலை இருக்கும் அந்த இனத்துக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. நாற்கரச் சாலைக்காக நாங்குநேரிப் பக்கம் பனைகளைச் சாய்த்தபோது பார்த்தவர்களுக்குத் தெரியும். அடியில் விரல் கனத்துக்குக் கயிறு கயிறாகச் சல்லிவேர், அவ்வளவுதான்.

அம்பைக்காரன்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், அண்ணாச்சி. தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு தின்றதில்லையா? கொட்டையிலிருந்து நேரே கீழே இறங்குகிறதே, அது ஆணிவேர் இல்லாமல் வேறென்ன?

தேரிக்காட்டான்: அவித்த கிழங்கை இரண்டாகப் பிளந்து பாரும். நடுவில் வெளிறின குருத்து ஒன்று இருக்கும், உருவிப் போட்டுவிட்டுத்தான் தின்போம். வேருக்குள் எங்கேயாவது குருத்து இருக்குமா? கொட்டையிலிருந்து மண்ணுக்குள் இறங்குவது வித்திலையின் காம்பு. கிழங்கு என்பது சத்தைச் சேர்த்துப் பருத்த முதல் இலை. அது வேர் இல்லை.

அம்பைக்காரன்: கிழங்கின் நுனியில் நீளமாக ஒரு வேர் தொங்குமே? அதற்கு என்ன பெயர்?

தேரிக்காட்டான்: அது முளைவேர், கொஞ்ச காலத்துக்குத்தான். அப்புறம் தூரிலிருந்து கிளம்பும் சல்லிவேர்கள்தான் மரத்தைக் காப்பாற்றுகின்றன. கிழங்கு வேர் இல்லை.

அம்பைக்காரன்: தென்னைக்கும் சல்லிவேர்தானே? 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தென்னந்தோப்பு எத்தனை பட்டுப்போனது? பனை நின்றதே, எப்படி? ஆணிவேர்!

பண்ணைப் படிப்பு: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். வறட்சி தாங்குவது வேரால் மட்டும் இல்லை. பனை மெல்ல வளரும், ஓலை தடித்து விறைத்திருக்கும், தண்டிலும் நீர் தங்கும். ஓக்கிலேயே எல்லாம் ஒன்று போல இல்லை. கலிபோர்னியாவின் நீல ஓக் தண்ணீர் மிகவும் குறைந்தால் கோடையிலேயே இலையை உதிர்த்துவிடும். 'தாங்குவது' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில்...

தேரிக்காட்டான்: தம்பி, கலிபோர்னியாவை அப்புறம் பார்ப்போம். கிழங்கு வேரா இல்லையா? ஒரே பதில் சொல்லும்.

பண்ணைப் படிப்பு: வேர் இல்லைதான். ஆனால் கேள்வி அது இல்லையே.

தேரிக்காட்டான்: பார்த்தீரா, அம்பைக்காரரே! படித்த பிள்ளையே சொல்லிவிட்டான்.

அம்பைக்காரன்: கேள்வி அது இல்லை என்றும் சொன்னான். அது மட்டும் கண்ணில் படாதே.

தேரிக்காட்டான்: கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் போடுகிறவருக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும்? நாங்கள் வானம் பார்த்த பூமிக்காரர்கள்.

அம்பைக்காரன்: உங்களுக்கும் ராதாபுரம் கால்வாய் இருக்கிறதே?

தேரிக்காட்டான்: கடைமடைக்குத் தண்ணீர் வந்தால் சொல்லி அனுப்பும், வந்து கும்பிடு போடுகிறேன். போன வருடம் உடைமரத்தையும் சீமைக்கருவேலத்தையும் ஒன்று என்று எழுதியவர்தானே நீர்?

அம்பைக்காரன்: அதை இன்னுமா விடவில்லை?

கருப்பட்டிக்காப்பி: சண்டைக்கு நடுவே கேட்கிறேன், மன்னியுங்கள். சீனி கலக்காத கருப்பட்டி எங்கே கிடைக்கும்?

தேரிக்காட்டான்: பனையேற ஆள் இல்லாத ஊரில் கலப்படம்தான் கிடைக்கும். 2021இல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை என்றார்கள். விதை போட்டால் ஆச்சா? ஏறுவது யார்?

பண்ணைப் படிப்பு: அதே அறிவிப்பில்தான் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் வந்தது. நல்லதுதானே?

தேரிக்காட்டான்: பனையை வெட்டி எரிக்கிற சூளைக்காரனிடம் போய்ச் சொல்லும். பேச்சை மாற்றாதேயும். கிழங்கு வேர் இல்லை.

அம்பைக்காரன்: தென்னை ஏன் பட்டது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தேரிக்காட்டான்: அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தென்னைக்குத் தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிட்டீர்கள்.

அம்பைக்காரன்: ஓகோ, இப்போது பழக்கமா? காலையில் சல்லிவேர் என்றீர்!

தேரிக்காட்டான்: காலையிலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். கிழங்கைப் பிளந்து படம் எடுத்துப் போடும், அப்புறம் பேசுவோம்.

அம்பைக்காரன்: ஆவணி மாதத்தில் கிழங்குக்கு நான் எங்கே போவது?